பெட்டூனியாவுக்கு வரன் பார்த்த புரோக்கர்

விருத்தாசலம் வட்டாரத்தில் எங்கள் புரோக்கரைவிட அதிகமாகக் கல்யாணம் செய்துவைத்தவர் யாரும் கிடையாது. சவால் விட்டே சொல்வேன். மண்டபம், மேளம், மொய் எதுவும் இல்லாமல், அணில் மயிர்த் தூரிகை ஒன்றை மட்டும் கையில் வைத்துக்கொண்டு அத்தனையையும் நடத்தினார். அவர் சேர்த்துவைத்த ஒரு ஜோடிகூடக் கோர்ட்டுப் படியை மிதித்ததில்லை. மிதிக்க அவற்றுக்குக் காலும் கிடையாது. மாப்பிள்ளையும் பெட்டூனியாச் செடி, பெண்ணும் பெட்டூனியாச் செடி.

பெட்டூனியாவை நீங்கள் பார்த்திருப்பீர்கள், பேர்தான் தெரிந்திருக்காது. மார்கழி, தை மாதங்களில் பெரிய ஓட்டல் வாசல்களில் கறுப்புப் பிளாஸ்டிக் தொட்டிகளில், புனல் மாதிரி வாயைத் திறந்துகொண்டு வரிசையாக நிற்குமே, அதுதான். பங்குனி வெயில் எட்டிப் பார்த்ததும் சொல்லாமல் கொள்ளாமல் எல்லாம் சேர்ந்து காணாமல் போய்விடும்.

நான் எங்கள் ஊர்த் தொழிற்பேட்டையில் ஒரு பீங்கான் யூனிட்டில் டெஸ்பாட்ச் பிரிவில் இருக்கிறேன். எழுதுவதெல்லாம் ஞாயிற்றுக்கிழமை வேலை. எங்கள் யூனிட்டில் ஒரு கொட்டகையில் கொலு பொம்மை தயாராகும், அடுத்த கொட்டகையில் டாய்லெட் கோப்பை தயாராகும். இரண்டையும் ஒரே லாரியில் ஏற்றக் கூடாது என்பது எழுதாத சட்டம். புரோக்கருக்கு பொம்மைக் கொட்டகையில் வேலை. பொம்மைகளுக்குக் கண் எழுதுவார். பிள்ளையாரோ போலீஸ்காரரோ, அவர் தூரிகை பட்டால்தான் எங்கள் யூனிட்டில் யாருக்கும் பார்வை கிடைக்கும்.

சாப்பாட்டு வேளையில் அதே தூரிகையை எடுத்துக்கொண்டு கொட்டகைக்குப் பின்னால் போய்விடுவார். ஒரு பூவின் மகரந்தத்தைத் தொட்டு இன்னொரு பூவுக்குள் தடவுவார். தடவிய பூவின் காம்பில் அடையாளத்துக்காக ஒரு மஞ்சள் நூலைக் கட்டுவார். "ஆச்சு, தாலி ஏறிடுச்சி" என்பார். அதோடு தூரிகையைக் கழுவாமல் அப்படியே பொம்மைக்குத் திரும்பிவிடுவார். ஒரு வருஷம் எங்கள் பொம்மைகளுக்கெல்லாம் கண்ணோரம் இலேசான மஞ்சள் படிந்துவிட்டது. முதலாளி பதறிப்போனார். கடைக்காரர்களோ, புது டிசைன் பிரமாதம், இன்னும் அனுப்புங்கள் என்றார்கள்.

புரோக்கர் என்ற பேரும் இப்படி வந்ததுதான். விஷயம் தெரியாமல் ஒருமுறை ஓர் அம்மா, நல்லூரிலிருந்து மகளின் ஜாதகத்தோடு பஸ் ஏறி வந்துவிட்டார். மனுஷன் ஜாதகத்தைக் கையில்கூட வாங்கவில்லை. கண் எழுதிக்கொண்டே, "பொண்ணு வெயிலு தாங்குங்களா?" என்று மட்டும் கேட்டார். அந்த அம்மா போன வேகத்தில் செருப்பை எங்கள் கேட்டிலேயே விட்டுவிட்டுப் போனார்.

இந்தப் பைத்தியம் பிடித்ததற்குக் காரணம் அவருடைய அக்கா மகன். சரக்குக் கப்பலில் சமையல்காரர். தென் அமெரிக்காவில் ஏதோ ஒரு துறைமுகத்தில் கப்பல் நின்றபோது, கடலோரப் பாறை இடுக்குகளில் காடாக முளைத்துக் கிடந்த செடிகளிலிருந்து விதையை உதிர்த்து, காலி மாத்திரை டப்பாவில் போட்டு மாமாவுக்குக் கொண்டுவந்தார். பெட்டூனியாவுக்குப் பூர்வீகமே அந்தப் பக்கம்தானாம். ஓட்டல் வாசலில் நிற்பவை பவுடர் போட்ட பேத்திகள், இவை காட்டிலேயே தங்கிவிட்ட சொந்தக்காரர்கள்.

பெட்டூனியா விதை தூசி மாதிரி இருக்கும். டப்பாவைப் பார்த்துக்கொள்ளச் சொல்லி வாட்ச்மேனிடம் கொடுத்துவிட்டு டீ குடிக்கப் போனார் புரோக்கர். வாட்ச்மேன் மூக்குப்பொடிப் பிரியர். திறந்து பார்த்தார், ஒரு சிட்டிகை எடுத்து இழுத்துவிட்டார். தென் அமெரிக்காவின் செடி வளத்தில் பாதி அன்றைக்கு எங்கள் வாட்ச்மேனின் மூக்குக்குள் போய்விட்டது. மழைக்காலம் முடியும்வரை புரோக்கர் தினமும் காலையில் அவர் முகத்தை ஒரு எதிர்பார்ப்போடு உற்றுப் பார்த்துவிட்டுத்தான் வேலைக்குப் போனார்.

மிச்சமிருந்த பாதியை நட அவருக்குத் தொட்டி வேண்டியிருந்தது. சூளையில் விரிசல் விட்ட டாய்லெட் கோப்பைகள் பின்பக்கம் மலையாகக் கிடந்தன. அவற்றை வரிசையாக வைத்து மண் நிரப்பிவிட்டார். நான் முகம் சுளித்தபோது பொறுமையாக விளக்கினார். தண்ணீர் தேங்காதாம், அடியில் ஓட்டை தயாராக இருக்கிறதாம், உலகத்தில் இதைவிட யோசித்துச் செய்த பூந்தொட்டி கிடையாதாம்.

செடிகள் வந்தன. அப்போதுதான் கூத்து ஆரம்பித்தது. ஒரே டப்பா விதை, ஆனால் ஒன்று மாதிரி ஒன்று இல்லை. ஒன்று நிமிர்ந்து நின்றது, ஒன்று தரையோடு படுத்துக்கொண்டது. ஒன்றின் பூ வெள்ளை, ஒன்றின் பூ கத்தரிப்பூ நிறம். புரோக்கர் குணத்தைப் பார்த்துப் பேர் வைத்தார். படுத்தே கிடந்த செடிக்கு 'மேனேஜர்'. தினமும் மொட்டைக் காட்டிவிட்டுப் பூக்காமல் தள்ளிப்போட்டதற்கு 'வாய்தா'. கத்தரிப்பூ நிறத்தில் பூத்து, எந்நேரமும் தேனீக்கள் சூழ்ந்து நின்றதற்கு 'கண்டக்டர்'. வெள்ளையாக நீளக் குழாயோடு பூத்து, பகலெல்லாம் சும்மா இருந்துவிட்டு, அந்தி சாய்ந்ததும் மணக்க ஆரம்பித்த ஒருத்திக்கு 'நைட்டு ஷிஃப்ட்டு'. அந்தி நேரத்தில் அவளைத் தேடிப் பெரிய பெரிய அந்துப்பூச்சிகள் வரும். புரோக்கர் தோளில் கிடக்கும் துண்டை எடுத்து அவற்றை விரட்டுவார். ஊர் பேர் தெரியாதவர்களுக்கெல்லாம் பெண் கொடுக்க மாட்டாராம்.

"எதுக்குண்ணே இந்தப் பரட்டைங்களைக் கட்டிகிட்டு அழுவுறீங்க? நர்சரிச் செடி எவ்ளோ அழகா இருக்குது" என்று ஒருமுறை கேட்டேன்.

"அது எல்லாம் ஒரே அச்சுல ஊத்துனது, தங்கச்சி. அச்சுல ஒரு குறை இருந்தா அத்தனை பொம்மையும் ஒரே எடத்துலதான் விரிசல் விடும். இதுங்க ஒவ்வொண்ணும் ஒரு அச்சு. எது எதைத் தாங்கும்னு கடவுளுக்கே தெரியாது. அதான் கல்யாணம் பண்ணிப் பாக்குறேன்."

அவர் ஆசை ஒன்றே ஒன்றுதான். சித்திரை வெயிலில், விருத்தாசலத்தில், ஒரு பெட்டூனியா பூத்து நிற்க வேண்டும். நின்றால் போதாது, மணக்கவும் வேண்டும். அந்த ஆசைக்கு நம்பிக்கை கொடுத்தவள் நைட்டு ஷிஃப்ட்டு. முந்தின சித்திரையில் சூளைச் சுவரோரம் மற்றதெல்லாம் கருகி விதை மட்டும் மிஞ்ச, அவள் மட்டும் பச்சையாக நின்றாள். கண்டக்டர் உயிர் பிழைத்தது புரோக்கர் நிழலில் வைத்து நாள் முழுக்கத் தண்ணீர் தெளித்த புண்ணியம்.

ஆனால் அவளிடம் ஒரு ரோஷம் இருந்தது. தன் மகரந்தம் தன் மேலேயே விழுந்தால் விதை கட்ட மாட்டாள். காட்டுச் செடிகளில் பலவற்றுக்கு அந்தக் குணம் உண்டாம். வெளியிலிருந்து வரன் வந்தாக வேண்டும். கிளையை வெட்டி நட்டுப் பார்த்தார், புரோக்கர் பாசத்தோடு ஊற்றிய தண்ணீரில் எல்லாம் அழுகின. ஆக உலகத்தில் அவருக்கு இருந்தது அந்த ஒரே ஒரு செடி. பங்குனியில் நல்ல மொட்டு விடட்டும், கண்டக்டருக்குக் கட்டிக்கொடுத்துவிடலாம் என்று காத்திருந்தார்.

அவர் மனைவியை நாங்கள் அண்ணி என்போம். அண்ணியின் வருத்தம் வேறு. "ஊருல உள்ள செடிக்கெல்லாம் வரன் பாக்குறாரு. பெத்த புள்ள ஓசூருல தனியா சோறாக்கித் துன்றான், அவனுக்கு ஒரு பொண்ணு பாக்க வக்கில்ல" என்பார். பெண் பார்க்கப் போகும்போது எடுத்துப்போக என்று ஒரு பித்தளைத் தாம்பாளம் வாங்கி, வருஷக்கணக்காகப் புளி போட்டுத் தேய்த்துத் தேய்த்து வைத்திருந்தார்.

இந்த நேரத்தில்தான் முதலாளிக்கு வெளியூரிலிருந்து பெரிய பார்ட்டி வருவதாகச் சேதி வந்தது. நர்சரியிலிருந்து ஒரே உயரம், ஒரே சிவப்பில் பெட்டூனியாத் தொட்டிகள் வந்து கேட்டின் இரண்டு பக்கமும் அணிவகுத்தன. பின்பக்கத்துக் கோப்பைகளை முதலாளி அப்போதுதான் முதல்முறையாக முழுசாகப் பார்த்தார். சாயங்காலத்துக்குள் அந்தக் குப்பை கண்ணில் படக் கூடாது என்று சொல்லிவிட்டார்.

புரோக்கர் மற்றதையெல்லாம் வேலி ஓரம் நகர்த்தினார். நைட்டு ஷிஃப்ட்டுக்கு மட்டும் தனி ஏற்பாடு செய்தார். அவள் இருந்த கோப்பையைத் தூக்கிக்கொண்டுபோய், விலை குறைத்து விற்கிற செகண்ட்ஸ் கோப்பைகளின் வரிசையில் நடுவே வைத்தார். செடி தெரியாமலிருக்க மேலே வைக்கோலைப் பொத்தினார். கோப்பைக்கு நடுவில் கோப்பை, எவன் கண்டுபிடிப்பான் என்று என்னிடம் பெருமையடித்துவிட்டு, நிம்மதியாக வீட்டுக்குப் போனார்.

பீங்கான் தொழிலில் வைக்கோல் பொத்தினால் ஒரே அர்த்தம்தான். சரக்கு கட்டியாயிற்று, லாரியில் ஏற்றலாம். கைக்குழந்தைக்கும் தெரிந்த இந்தச் சங்கதி, ஆயுள் முழுக்கப் பீங்கானில் ஊறிய மனுஷனுக்கும், டெஸ்பாட்சில் இருக்கிற எனக்கும் அந்த நேரத்தில் மறந்துவிட்டது. காலையில் வந்த லாரிக்காரர்கள் வைக்கோல் பார்த்த கோப்பையையெல்லாம் ஒழுங்காக ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள். ஒன்று மட்டும் கனமாக இருந்ததாம். நல்ல ஸ்ட்ராங்கான ஐட்டம் என்று பேசிக்கொண்டார்களாம்.

அன்றைக்குப் புரோக்கர் எழுதிய கண்களை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். தசாவதாரம் செட்டில் பத்துப் பேரும் அழுதுகொண்டிருந்தார்கள். நானும் சிரிக்கத்தான் நினைத்தேன். ஆனால் அவர் தூரிகையைக் கீழே வைத்துவிட்டு, "விதைகூட எடுக்கலியே தங்கச்சி" என்றபோது எனக்குச் சிரிப்பு வரவில்லை.

லாரி டிரைவருக்குப் போன் போட்டேன். கம்மாபுரத்தில் ஒரு ஹார்டுவேர் கடையில் இறக்கியதாகச் சொன்னார். கடைக்குப் போனோம். வந்த வேகத்தில் எல்லாம் விற்றுவிட்டதாகக் கடைக்காரர் சொன்னார். பிறகு வீடு வீடாக ஆரம்பித்தது எங்கள் யாத்திரை. முன்பின் தெரியாத வீட்டு வாசலில் நின்று, "உங்க டாய்லெட்ட கொஞ்சம் பாக்கலாங்களா?" என்று கேட்டுப் பாருங்கள், அப்போதுதான் எங்கள் கஷ்டம் தெரியும். ஓரிடத்தில் நாங்கள் சுகாதார அதிகாரிகள் என்று நினைத்து மோர் கொடுத்தார்கள். இன்னோரிடத்தில் அதே நினைப்பில் கதவைச் சாத்தினார்கள்.

இரண்டு வாரம் அலைந்து, கடைசியில் ஊருக்கு வெளியே, நிலக்கரிச் சுரங்கத்துக்கு நிலம் கொடுத்துவிட்டு வந்தவர்கள் குடியேறிய புது மனைகளில், ஒரு வீட்டின் பின்பக்கம் புரோக்கர் சட்டென்று நின்றார். பாத்ரூம் தண்ணீர் போகிற இடத்தில், பெயின்ட் பக்கெட் ஒன்றில், நைட்டு ஷிஃப்ட்டு எங்கள் யூனிட்டில் இருந்ததைவிடப் பூரிப்பாக உட்கார்ந்திருந்தாள். கோப்பை உள்ளே அதன் கடமையைச் செய்துகொண்டிருந்தது.

வீட்டுக்காரம்மாவின் பேர் அஞ்சலை. கரும்பு வெட்டப் போகிறவர், குரலும் அதற்கேற்ற மாதிரிதான். "கோப்பை வாங்குனா செடி ஃப்ரீன்னு நெனச்சோங்க. கடக்காரரும் ஆமாம்மா, ஆஃபருன்னாரு" என்றார்.

புரோக்கர் விஷயத்தைச் சொன்னார். வேறு செடி எத்தனை வேண்டுமானாலும் தருகிறேன், புதுக் கோப்பைகூடத் தருகிறேன், இதைக் கொடுங்கள் என்றார். அஞ்சலையம்மா அசையவில்லை. பழைய வீட்டிலிருந்து வேப்பமரத்தையா பெயர்த்துக்கொண்டு வர முடிந்தது, முருங்கையையா கொண்டு வர முடிந்தது, இங்கே தானாக வந்து சேர்ந்தது இது ஒன்றுதான், வேலை முடிந்து வந்து இதன் பக்கத்தில் உட்கார்ந்தால்தான் இது தன் வீடு என்று தோன்றுகிறது என்றார். அதற்குமேல் எப்படிக் கேட்பது? எனக்கு அவர் பக்கம் சாய்ந்துவிடத் தோன்றியது.

"ஒரு கெளயாச்சும் ஒடிச்சிக்கிறேங்க" என்றார் புரோக்கர், கெஞ்சலாக.

"பொண்ணு கேட்டு வர்றவங்க, பொண்ணு கைய ஒடிச்சிகிட்டுப் போறேன்னா சொல்லுவாங்க?"

புரோக்கர் நிமிர்ந்தார். முகம் மாறிவிட்டது. இவ்வளவு நாளில் முதல்முறையாக அவருடைய பாஷையைப் பேசுகிற ஒருத்தர் கிடைத்துவிட்டார். "சரிங்க. மொறையா வந்து பொண்ணு கேக்குறோம்" என்றார். அஞ்சலையம்மா ஒரு நிமிஷம் அவரை மேலும் கீழும் பார்த்தார். பிறகு சிரிக்காமல், நல்ல நாளாகப் பார்த்து வரச் சொன்னார்.

வீட்டில் சொன்னால் அண்ணி ருத்ரதாண்டவம் ஆடுவார் என்று எதிர்பார்த்தேன். அண்ணி நேரே உள்ளே போய்ப் பித்தளைத் தாம்பாளத்தை எடுத்துவந்தார். "எதுக்காச்சும் ஒண்ணுத்துக்கு இது வெளிய போவட்டும்" என்றார்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் மாப்பிள்ளை ஊர்வலம் கிளம்பியது. முன்னால் டிவிஎஸ்ஸில் புரோக்கர், பின்னால் பட்டுப்புடவையில் தாம்பாளத்தோடு அண்ணி. அவர்களுக்குப் பின்னால் என் ஸ்கூட்டியில், மூடி உடைந்த ஊறுகாய் ஜாடிக்குள் கண்டக்டர். வழியெல்லாம் தேனீக்கள் இரண்டு எங்களோடு வந்ததாக நான் ஊரில் சொல்லி வருகிறேன். அண்ணி இல்லை என்கிறார்.

அஞ்சலையம்மா பாய் விரித்து, சொஜ்ஜி கிண்டி, பக்கெட்டுக்குப் பொட்டு வைத்திருந்தார். தெருவே வந்து வேடிக்கை பார்த்தது. அண்ணிக்கு எங்கிருந்து அந்த மிடுக்கு வந்ததோ, தாம்பாளத்தை நீட்டி, பையன் நல்ல பையன், கெட்ட பழக்கம் கிடையாது, கொஞ்சம் வெயில் மட்டும் ஆகாது என்று முறையாக எடுத்துச் சொன்னார். எதிர்த்தரப்பில் தலையசைத்துக் கேட்டுக்கொண்டார்கள். அப்புறம் அஞ்சலையம்மா தன் நிபந்தனையைப் போட்டார்.

"எம் பொண்ணு எங்கயும் வராது. மாப்பிள்ள வேணா இங்க வந்து இருக்கட்டும். பொறக்குற புள்ளைங்கள்ல ஆளுக்குப் பாதி."

வீட்டோடு மாப்பிள்ளை. தெரு கொல்லென்று சிரித்தது. புரோக்கர் சிரிக்கவில்லை. அவர் கண்டக்டரைப் பார்த்ததை நான் பார்த்தேன். உயிரைக் கொடுத்துக் காப்பாற்றிய செடி அது. பாத்ரூம் ஓரத்தில், பழக்கமில்லாத ஊரில், யார் அதற்கு நாள் முழுக்கத் தண்ணீர் தெளிப்பார்கள்? விட்டுவிட்டுப் போனால் சித்திரையைத் தாண்டாது என்று அவருக்குத் தெரியும். கொஞ்ச நேரம் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தார். பிறகு ஜாடியைத் தூக்கி, அந்தப் பக்கெட் பக்கத்தில் வைத்தார்.

அந்தி சாய்ந்தது. நைட்டு ஷிஃப்ட்டு மணக்க ஆரம்பித்தாள். புரோக்கர் தூரிகையை எடுத்தார். கண்டக்டரின் பூவைத் தொட்டு, இவள் பூவுக்குள் மெல்லத் தடவினார். பிள்ளையாருக்குக் கண் திறக்கும்போதுகூட அவர் கை அவ்வளவு நிதானமாக இருந்து நான் பார்த்ததில்லை. மஞ்சள் நூலை அஞ்சலையம்மாவே கட்டினார். யாரோ குலவை போட்டார்கள். அண்ணி அழுதுவிட்டார், புகை என்றார், அங்கே அடுப்பே எரியவில்லை.

காய் பிடித்தது. கண்டக்டர் சித்திரையைத் தாண்டவில்லை. அந்தச் சேதியைச் சொல்ல அஞ்சலையம்மாவே பஸ் ஏறி யூனிட்டுக்கு வந்தார். விதையில் சரிபாதியைப் புடவைத் தலைப்பிலிருந்து அவிழ்த்துக் கொடுத்தார். வாட்ச்மேனை அன்றைக்கு நான் கேட்டுக்கு வெளியே நிறுத்திவைத்திருந்தேன்.

அடுத்த வருஷம் முளைத்த பிள்ளைகளிலும் ஒன்று மாதிரி ஒன்று இல்லை. அம்மாவின் வாசம், அப்பாவின் நிறம், மேனேஜரின் சோம்பல்கூட ஒன்றுக்கு எப்படியோ வந்திருந்தது. அதில் சந்தேகத்துக்கிடமான விஷயம் இருப்பதாக நாங்கள் கிசுகிசுத்தோம். சித்திரை வந்தது. கேட்டோரம் முதலாளி மறுபடி வாங்கி வைத்த சிவப்புச் செடிகள், யாரோ விசில் ஊதிய மாதிரி ஒரே வாரத்தில் எல்லாம் சேர்ந்து சாய்ந்தன. புரோக்கரின் பிள்ளைகளிலும் பெரும்பாலானவை போய்விட்டன. சில மட்டும் நின்றன. பூ சின்னது, நிறம் துவைத்த புடவை மாதிரி வெளிறிய ஊதா. ஆனால் அந்தியில் மணத்தது. முதலாளி வந்து பார்த்து, இதுக்கா இவ்வளவு ஆர்ப்பாட்டம் என்றார்.

"மொதல்ல நிக்கட்டும் மொதலாளி. அழகு அப்புறம் பண்ணிக்கலாம்" என்றார் புரோக்கர்.

அதே வருஷம் ஓசூர் பிள்ளை, கூட வேலை செய்கிற ஒரு பெண்ணைக் கட்டிக்கொள்வதாகச் சொன்னான். வேறு ஜாதி, வேறு பாஷை. சொந்தக்காரர்கள் திரண்டு வந்து புரோக்கரைக் கிளப்பிவிடப் பார்த்தார்கள். அவர் ஒரே அச்சு, ஒரே விரிசல் கதையை அவர்களுக்கும் சொன்னார். பாதிப் பேர் புரியாமல் போனார்கள், மீதிப் பேர் புரிந்துகொண்டு கோபமாகப் போனார்கள். அண்ணி தாம்பாளத்தை இன்னொருமுறை புளி போட்டுத் தேய்த்தார்.

இப்போது புரோக்கரும் அண்ணியும் ஓசூரில் மகனோடு இருக்கிறார்கள். செடிக் கோப்பைகளை என் பொறுப்பில் விட்டுப் போயிருக்கிறார் புரோக்கர். வாராவாரம் போன் வரும். நைட்டு ஷிஃப்ட்டு எப்படி இருக்கிறாள், அஞ்சலையம்மா தெருவில் எத்தனை வீட்டுக்குப் பிள்ளைகள் போயிருக்கின்றன என்று ஒவ்வொன்றாக விசாரித்துவிட்டு, கடைசியில்தான் "நீ எப்படி இருக்கற தங்கச்சி?" என்று வரும். நானும் எல்லாவற்றையும் ஒப்பித்துவிடுவேன், ஒன்றைத் தவிர.

என் சமையலறை ஜன்னலோரத்தில் அந்தக் கல்யாணத்தில் பிறந்த செடி ஒன்று நிற்கிறது. பரட்டையாக இருக்கும், கட்டி வைத்தாலும் தன் இஷ்டத்துக்குத்தான் சாயும், சித்திரையில் பூத்துத் தொலைக்கும். எல்லாவற்றுக்கும் குணம் பார்த்துப் பேர் வைத்த மனுஷன் தன் பேரை மட்டும் எந்தச் செடிக்கும் வைக்கவில்லை, அதனால் நான் வைத்துவிட்டேன். சாயங்காலம் வேலையிலிருந்து வந்ததும் "என்னா புரோக்கரே" என்று அதற்கு ஒரு செம்பு தண்ணீர் ஊற்றிவிட்டுத்தான், நான் டீ குடிக்கிறேன்.